வராது என்று எழுதிய நோட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தது சீக்கிரம் போகாது. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். நடந்து பல வருடமாகிவிட்ட ஒரு விஷயத்தை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன், பேனாவை அழுத்துகிற அழுத்தத்தில் அடுத்த தாளிலும் பதிகிறது. பதியட்டும்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் எம்.எஸ்ஸி., அதற்கு மேலே பி.எட். இரண்டு சர்டிபிகேட்டையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இண்டர்வியூ கார்டுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். சின்னமனூரில் ஒரு சமுதாயக் கல்லூரி நடக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். போனேன். கல்லூரி என்றதும் பெரிய கேட்டும் மரமும் மணியும் நினைத்துவிட வேண்டாம். உரக்கடைக்கு மேல்மாடி. இரண்டு வகுப்பறை, ஓர் ஆபீஸ் ரூம். கீழே லோடு இறக்கினால் மேலே பூச்சிமருந்து நெடி ஏறும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், பன்னிரண்டாவதில் தோற்றவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு படிக்க ஆசைப்பட்டவர்கள், இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுத்து வேலைக்கு அனுப்பவேண்டும் என்றுதான் அதை ஆரம்பித்திருந்தார்கள். நான் சேர்ந்த வருடம் நோயாளிப் பராமரிப்பு டிப்ளமா. இருபத்தெட்டுப் பேர், எல்லாரும் பெண்கள்.

ஆர்டரில் என் வேலை ‘அகடமிக் கோச்’ என்று இருந்தது. அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, “போடி ரயில்ல போய் ஒட்டிக்க, அங்கனதான் கோச்சு இருக்கு” என்றான். பாடம் நடத்துவது என் வேலை இல்லை. அதற்கு ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் வந்துபோனார். பாடம் முடிந்த பிறகு யாருக்கு எது மண்டையில் ஏறவில்லை என்று கண்டுபிடித்து, அதை ஏற்றிவிடுவதுதான் என் வேலை. கேட்க எளிதாக இருந்தது.

முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. போர்டில் ஒரு கணக்கைப் போட்டு விளக்குவேன். “புரியுதா?” என்பேன். இருபத்தெட்டுத் தலையும் ஆடும். “புரியுது டீச்சர்.” அதே கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றிப் போட்டால் இருபத்தெட்டுப் பேரும் பேனாவைக் கடிப்பார்கள். ஏமாற்றுகிற புத்தி இல்லை அது. டீச்சர் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறாளே, புரியவில்லை என்றால் அவள் முகம் சுண்டிவிடுமே என்கிற மரியாதை. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து வருவோமே, அந்த மரியாதை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இரண்டாவது வாரம் ஒரு சட்டம் போட்டேன். “இனிமே இங்கன உக்காரணும்னா ஆளுக்கு ஒரு ‘வராது’ சொல்லணும். எது வரலைன்னு சொல்லிட்டு உக்காருங்க. எல்லாம் வரும்ங்கிறவுக வீட்டுக்குப் போயிரலாம், அவுகளுக்கு நான் எதுக்கு?”

முதல் நாள் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். பத்து நிமிடம். கால் வலித்ததோ என்னமோ, பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “எனக்கு எங்க மாமியாவ எதுத்துப் பேச வராது டீச்சர்” என்றாள். மாடியே சிரித்தது. “அது வந்துட்டா நீ எதுக்குத்தா இங்கன வரப்போற, உக்காரு” என்றேன். அதற்குப் பிறகு வரத் தொடங்கியது. எனக்குப் புள்ளி வைத்த கணக்கு வராது. எனக்கு இங்கிலீஷில் மருந்துப் பெயரைக் கூட்டிப் படிக்க வராது. எனக்குப் படிக்க வரும், எழுதினால் கை நடுங்கும். ஒருத்தி, பத்தாவது பாஸானவள், “எனக்கு மணி பாக்க வராது டீச்சர், முள்ளு மணி” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. எத்தனை வருடம் அதை மூடி வைத்திருந்தாளோ!

இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதினேன். முன்பாதியில் பெயர், பெயருக்கு எதிரே வராதவை; பெரிய வராது என்றால் அதன் கீழே ஒரு கோடு. வந்துவிட்டால் அதை அடிக்க மாட்டேன். நோட்டின் பின்பாதியில் தேதி போட்டு, எது வந்தது, எப்படி வந்தது, எதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள் என்று விவரமாக எழுதுவேன். அடுத்த வருடம் வேறொருத்திக்கு அந்த வழி உதவும் என்ற கணக்கு. முன்னால் நோய், பின்னால் வைத்தியம். பெரிய புத்திசாலித்தனம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஒரே ஒருத்தி மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. சின்னமனூர் டவுன்காரி, இருபது வயது, முத்து முத்தான கையெழுத்து. தினமும், “எனக்குக் கோலம் போட வராது டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கோலத்தை எந்த நோட்டில் எழுத? விட்டுவிட்டேன். அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்தது இன்னொருத்தியைப் பற்றி. இருபத்தாறு வயது. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து சின்னமனூர் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். விடியற்காலை பஸ் ஏறி, இரண்டு மணிவரை கழிவறை கழுவி, படுக்கை விரிப்பு அலசி, மறுபடி பஸ் ஏறி மூன்று மணிக்கு வகுப்புக்கு வந்துவிடுவாள். கையில் பினாயில் வாடை இருக்கும். கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள்.

அந்த ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணம், நின்றுவிடப் போகிறாள். டாக்டர் இவளைக் கூப்பிட்டு, “நீ சர்டிபிகேட் கொண்டாந்தா அந்த எடம் ஒனக்கு. அதுவரைக்கும் யாரையும் போட மாட்டேன். வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்” என்று சொல்லியிருந்தார். சம்பளம் கூடும், அது ஒன்று. ஆனால் அவள் என்னிடம் சொன்னது சம்பளத்தைப் பற்றி இல்லை. “வார்டுக்குள்ள நான் போனா நோயாளியெல்லாம் மூக்கப் பொத்துறாக டீச்சர். வாளியோட போறேன்ல. ஒரு நாளாச்சும் தட்ட ஏந்திக்கிட்டுப் போகணும்.” ஊசியும் மருந்தும் வைத்துக் கொண்டுபோகிற அந்தத் தட்டு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவளுடைய ‘வராது’ பெரிய வராது. மருந்தளவு. குப்பியில் இத்தனை மில்லிகிராம், இத்தனை மில்லி தண்ணீரில் கரைத்திருக்கிறது, டாக்டர் எழுதியது இத்தனை மில்லிகிராம், ஊசியில் எத்தனை மில்லி ஏற்றவேண்டும்? இதுதான் கேள்வி. பரீட்சையில் கட்டாயம் வரும்; இது தெரியாமல் வார்டில் நிற்கவும் கூடாது. அவள் மில்லிகிராம் என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே, ‘மருந்தளவுக் கணக்கு சுத்தமாக வராது’ என்று எழுதினேன். ‘சுத்தமாக’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு வேறு. என் கை, என் பேனா.

ஒருநாள் கீழே உரக்கடையில் யாரோ ஒரு தோட்டத்துச் சம்சாரி மூன்று டேங்கு பூச்சிமருந்து அடிக்க நூறு மில்லி டப்பா வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் டேங்குக்கு எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் பதில் சொல்வதற்குள், இவள் மேலே உட்கார்ந்தபடியே வாய்க்குள் முணுமுணுத்தாள். “என்னத்தா சொன்ன?” என்றேன்.

“இல்ல டீச்சர், பத்து லிட்டர் டேங்கு, லிட்டருக்கு ரெண்டு மில்லின்னா இருவது மில்லி. நூறு மில்லி டப்பா அஞ்சு டேங்குக்குக் காணும். மூணு டேங்குதான் அடிக்கணும்னா அறுவது எடுத்தாப் போதும். அவுக எதுக்கு முழு டப்பா வாங்குறாக?”

காகிதம் இல்லை, பென்சில் இல்லை, விரலைக்கூட மடக்கவில்லை. பத்து வயதிலிருந்து அப்பாவுக்குப் பூச்சிமருந்து கலக்கிக் கொடுத்தவள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்கு ஓடினேன். “அடி பாவி மகளே! குப்பிதான்த்தா டேங்கு. ஐந்நூறு மில்லிகிராம் மருந்த அஞ்சு மில்லித் தண்ணியில கலந்துட்டாக. ஒரு மில்லிக்கு எவ்வளவு?” “நூறு.” “டாக்டர் முந்நூறு கேக்குறாரு.” “மூணு மில்லி. இதுக்கா டீச்சர் இம்புட்டு நாளு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். பத்து நாளில் வகுப்பிலேயே வேகமான ஆள் அவள்தான். பின்பாதியில் ஒரு முழுப் பக்கம் அவளைப் பற்றி எழுதினேன்.

சித்திரை மாதம் பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் நேரம் வந்தது. கல்லூரியின் டைரக்டர் ஏதோ ஓர் அரசு ஆபீசில் ஓய்வு பெற்றவர். மெல்லிய குரல், பச்சை மை, எல்லாருக்கும் ‘மேடம்’. அவர் என்னைக் கூப்பிட்டு, “ரொம்ப நல்லா கோச் பண்றீங்கன்னு கேள்விப்பட்டேன் மேடம். உங்க ரெக்கார்டைக் கொஞ்சம் பாக்கலாமா? மேலே ரிப்போர்ட் அனுப்பணும்” என்றார்.

கேட்டதும் பூரித்துப் போய்விட்டேன். ஓடிப் போய் நோட்டை எடுத்துவந்து கொடுத்தேன், அட்டையைத் துடைத்து வேறு கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நான்கு நாள் கழித்து ஆபீஸ் வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். பரீட்சை எழுதுவோர் பத்தொன்பது பேர். ஒன்பது பெயர் இல்லை. முள்ளு மணி பார்க்கத் தெரியாது என்று சொன்னவள் இல்லை. கை நடுங்கும் என்றவள் இல்லை. ஆயா வேலை பார்க்கிறவள் இல்லை. அந்த ஒன்பதையும் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் முன்பாதியில் கோடு போட்டு எழுதிய ஒன்பது பெயர்கள் அவை. யார் மனம் திறந்து உண்மையைச் சொன்னார்களோ அவர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார்கள். கோலம் போட வராதவளின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

உள்ளே போனேன். கதவைத் தட்டியதாக ஞாபகம் இல்லை.

“உக்காருங்க மேடம்” என்றார். நான் உட்காரவில்லை. “போன வருஷம் ஆறு பேர் பெயில். மேலே கேள்வி கேக்குறாங்க. இந்த வருஷம் நூறு சதவீதம் காட்டினாத்தான் கோர்ஸை நீட்டிப்பாங்க. இந்த ஒன்பது பேரும் அடுத்த தடவை எழுதட்டும். அவங்க நல்லதுக்குத்தான். தோத்துட்டா மனசு ஒடிஞ்சு போயிடும் பாருங்க.”

“பாஸாகிறவுக சார் இவுக! பின்னால எழுதியிருக்கேனே, படிச்சீங்களா?”

நோட்டைப் புரட்டினார். முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார். “இதோ, உங்க கையெழுத்துதானே? ‘சுத்தமாக வராது.’ கோடுகூடப் போட்டிருக்கீங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் இதைக் காட்டுவேனா, உங்க வாய்ச்சொல்லைக் காட்டுவேனா?”

எனக்கு வந்ததே கோபம்! அவளை இப்போதே கூப்பிடுங்கள், எந்தக் கணக்கு வேண்டுமானாலும் கேளுங்கள் என்று கத்தினேன். இதுவும் நான் செய்த தப்பு. அவள் வந்தாள். வாசல்படி தாண்டி ஓர் அடி வைத்து நின்றாள். அவளை உட்காரச் சொல்லவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் வாசித்தார். ஒன் கிராம், டிசால்வ்ட் இன் டென் எம்.எல். டாக்டர் ஆர்டர்ஸ் செவன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி மில்லிகிராம்ஸ்.

அவள் தரையைப் பார்த்தாள். வாளியும் துடைப்பமுமாக எத்தனை ஆபீஸ் ரூமுக்குள் போய்வந்திருப்பாள். இப்படி நிற்கவைத்து இங்கிலீஷில் யாராவது அவளைக் கேட்டிருப்பார்களா? “தெரியல சார்” என்றாள்.

“டேங்குத்தா! பத்து லிட்டர் டேங்குன்னு நெனைச்சுக்க!” என்று நான் கத்தினேன்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “எக்ஸாம் ஹால்ல டேங்க் இருக்குமா மேடம்?”

அந்தச் சிரிப்பை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்து ஒருவரை வைதது கிடையாது. மெல்லப் பேசி, காகிதத்தைக் காட்டி, உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லியே அடுத்தவர் சோற்றில் மண்ணைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றிலிருந்து ஆகாது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மறுநாள். அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கே போய், பரீட்சை நடத்துகிற ஆபீசில் நேரில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வாரம் அது. சின்னமனூரிலிருந்து ஏறிய பஸ் வீரபாண்டிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருகிறவர்கள், ரங்கராட்டினக் கூட்டம், மைக்கில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்கள். இறங்கி நடந்தோம். அவள் கோயில் பக்கம் திரும்பி நின்று கும்பிட்டாள். “ஆத்தா, ஒரு வழிய விடு” என்றாள். வழியில் நிற்கிற கூட்டத்தைச் சொன்னாளோ, மற்றதைச் சொன்னாளோ, நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போய் வேறு பஸ் பிடித்து, தேனியில் இன்னொரு பஸ் மாறி, மூன்று மணிக்கு மதுரை ஆபீசில் நின்றோம்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தார். “காலேஜ் சீல் எங்கம்மா?”

விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார், அதையும் சொல்லவேண்டும். கேட்டுவிட்டு, “காலேஜ் அனுப்பாத பேரை நாங்க எப்படிம்மா சேக்க முடியும்? அவங்களே வேணாங்கிறாங்களே” என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அதற்குத்தான் காலையிலிருந்து பஸ்ஸும் நடையும்.

திரும்பி வரும்போது பஸ் உசிலம்பட்டி தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்குச் சுத்தமா வராதுன்னு எழுதுனீகளா டீச்சர்?”

“எழுதினேன்.”

“அப்பறம் வந்துச்சே, அத எழுதலையா?”

“எழுதினேன்த்தா. பின்னால ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கேன்.”

“பின்னால எழுதுனத யாரு பாப்பாக?”

மடியிலிருந்த விண்ணப்பத்தை மடித்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில், “நான் உங்ககிட்டதான டீச்சர் சொன்னேன். ஆபீசுலயா சொன்னேன்?” என்றாள்.

வைதிருக்கலாம். கையை ஓங்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஓரிடத்தில் சொன்னதை இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவளை நம் பக்கத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. சின்னமனூரில் இறங்கியதும், “வாரேன் டீச்சர்” என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. ஒன்பது பேரில் ஒருத்தியும் வரவில்லை.

ரோஷக்காரிதானே, அன்றைக்கே வேலையை உதறிவிட்டு வந்திருப்பாய் என்று கேட்பீர்கள். இல்லை. மீதிப் பத்தொன்பது பேருக்குப் பரீட்சை இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாதக் கடைசியில் சம்பளத்தையும் வாங்கினேன். கோபக்காரி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. பரீட்சை வரைக்கும் இருந்த இரண்டு மாதமும் யாரையும் ‘வராது’ சொல்லச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எவள் வாயைத் திறப்பாள்? மறுபடி பழையபடி தலையை ஆட்டினார்கள், நானும் விட்டுவிட்டேன்.

ஆடியில் ரிசல்ட் வந்தது. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். நூற்றுக்கு நூறு என்று ஆள் உயர எழுத்து. நடுவில் டைரக்டர், சுற்றிலும் பத்தொன்பது முகம், கீழே ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் நான். ‘சிறப்புப் பயிற்சியளித்து இமாலய வெற்றிக்கு வித்திட்ட ஆசிரியை.’ என்னைக் கேட்காமல் வேலை விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். தெரிந்தவர்களெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கைகொடுத்தார்கள்.

பக்கத்து டீக்கடையில் ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி, வீட்டுச் சாவியால் கிழித்து, என் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்தேன். டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “ஏன் டீச்சர், போட்டா நல்லாத்தான இருக்கு?” என்றார். “அதான் கிழிக்கிறேன்” என்றேன். பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு போய் நோட்டைக் கேட்டேன். அது கல்லூரியின் ஆவணம் மேடம் என்றார் டைரக்டர். பச்சை மையில் கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பிவைத்தார்.

ஐப்பசியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடுத்த பரீட்சைக்கு அவளைக் கம்பத்தில் வேறொரு மையம் வழியாக எழுதவைக்க முடியும் என்று தெரிந்துகொண்டு, அதைச் சொல்லத்தான் போனேன். மன்னிப்புக் கேட்கவும்தான். வார்டு வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க டீச்சர், இங்கன ஈரம், பாத்து வாங்க” என்றாள். அந்த அன்பு எனக்கு இன்னும் வலித்தது.

நான் பேச ஆரம்பிப்பதற்குள் வார்டுக்குள்ளிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் தட்டு, தட்டில் ஊசியும் குப்பியும். கோலம் போட வராதவள். ஆவணியில் காலியான இடத்துக்கு அவளைத்தான் எடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, “அக்கா, ஒரு நிமிசம்” என்று இவளைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் விரிப்பு அடுக்குகிற அறைக்குள் போனார்கள். கதவு முழுவதும் சாத்தவில்லை, இவள் குரல் கேட்டது.

“ஒரு கிராம்ன்னா ஆயிரம். பத்து மில்லியில கலக்கியிருக்கு. அப்ப ஒரு மில்லிக்கு எவ்வளவு? அவசரப்படாம சொல்லு. ம்… டாக்டர் எவ்வளவு எழுதியிருக்காரு? அறுநூறா? அப்ப ஆறு. கோடு பாத்து இழு. நல்லாப் பாத்துக்க, கொறையவும் கூடாது, கூடவும் கூடாது.”

அந்தப் பெண் தட்டை ஏந்திக்கொண்டு என்னைப் பார்க்காமல் வார்டுக்குள் போனாள். இவள் மாப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“தெனமுமா?”

“தெனமுந்தான். அதுக்குக் கணக்கு வராது டீச்சர், மனப்பாடம் பண்ணிப் பாஸாயிருச்சு. பயந்து சாகுது. பாவம், சின்னப் பிள்ள.”

“டாக்டருக்குத் தெரியுமா? ஒனக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாதுன்னு போய்ச் சொல்லேன்த்தா! நான் வந்து சொல்றேன், வா!”

அவள் என்னைச் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவள் கண்ணில் நான் கோபத்தைப் பார்த்ததில்லை.

“நீங்க சும்மா இருங்க டீச்சர். தனக்கு வராதுன்னு அந்தப் பிள்ள என்னைய நம்பிச் சொல்லியிருக்கு.”

சொல்லிவிட்டு மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்தாள். நான் நின்ற இடத்தைத் துடைக்கவேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்றாள்.